பினாங்குக் கூட்டாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

1992 முதல் 2005 வரை பினாங்கில், ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினேன். இப்போது தேவகோட்டையில் இருக்கிறேன். ஊர் திரும்பிய பிறகு நான்கு தடவை போய்ப் பழைய கூட்டாளிகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த விஷயம் எங்கள் பக்கத்தில் பரவிவிட்டது. மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இங்கே வீதிக்கு நாலு பேர் உண்டு. கல்யாணப் பந்தியில்கூட ஓரமாக இழுத்து, "அண்ணே, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது. எனக்குத் தெரிந்த ஊர் பினாங்கு. கோலாலம்பூர் இடையிடையே வரும்.

முன்னாடி பெர்மிட்ல போனேன். இப்ப சும்மா ஆளுங்களைப் பார்க்கத்தான் போறேன். விசா எடுக்கணுமா?

வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வர 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அனுமதிக்கிறது. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் போடும் முன்பு சென்னையில் உள்ள மலேசியத் தூதரகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

விசா இல்லை என்பதால் வேலையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் நீங்கள் தப்பான இடத்துக்குப் போய்விட்டீர்கள். தங்கும் முகவரி கேட்பார்கள். கூட்டாளி வீட்டில் தங்குவதாக இருந்தால் கதவு எண், தாமான் (குடியிருப்பு) பெயர், அஞ்சல் எண் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தாளில் எடுத்துப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. கவுன்டரில் நிற்கும்போது போனில் சார்ஜ் இருக்காது. இது என் அனுபவம்.

என் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். ஆச்சே. நம்ம ஊர் ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்களா?

பத்தாம் வகுப்பு முடிக்காமல் அந்தக் காலத்தில் வேலைக்குப் போன நிறையப் பேருக்கு இந்தப் பயம் உண்டு. ஈ.சி.ஆர். (குடியேற்றச் சோதனை தேவை) முத்திரை உள்ளவர்கள் வேலைக்குப் போகும்போது இந்திய அரசின் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. பார்க்கப் போகிறவருக்கு அது தேவையில்லை. ஆனால் வேலைக்குத்தான் போகிறாரோ என்ற சந்தேகத்தில் இரண்டு கேள்வி அதிகமாகக் கேட்பார்கள். திரும்பும் டிக்கெட், கூட்டாளியின் முகவரி, அவருடைய போன் நம்பர் மூன்றையும் காட்டி உள்ளதைச் சொன்னால் போதும். தடுமாறித் தடுமாறிப் பேசினால்தான் வம்பு.

கோலாலம்பூர்ல இறங்கித்தான் பினாங்குக்குப் போகணுமா?

2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ சென்னையிலிருந்து பினாங்குக்கு நேராகப் பறக்க ஆரம்பித்தது. நீங்கள் போகும் மாதத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் திருச்சிதான் வசதி. அங்கிருந்து கோலாலம்பூருக்கு நேர் விமானம், ஏறக்குறைய நாலு மணி நேரம்.

கோலாலம்பூரில் இறங்கினால் இன்னொரு விமானம் பிடிக்காமல் ரயிலில் போங்கள் என்பது என் கட்சி. விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம். சென்ட்ரலை ஒட்டித்தான் நம்ம ஆட்கள் கடைகள் உள்ள பிரிக்ஃபீல்ட்ஸ். இறங்கிப் போய் இலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வந்தே, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு ரயிலைப் பிடிக்கலாம். நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஈப்போ தாண்டி புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்தான். பண்டிகை நாட்களில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதை மட்டும் முன்னாடியே போட்டுவிடுங்கள்.

எந்த மாசம் போனா எல்லாரையும் பார்க்கலாம்?

எல்லாரும் தைப்பூசம் என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். திருவிழா பார்க்க ஆசை என்றால் தாராளமாகப் போங்கள், அது வேறு. 1894-இலிருந்து ஓடும் செட்டியார்களின் வெள்ளி ரதம், 2017-இலிருந்து தங்க ரதம், ரதம் வரும் வழியெல்லாம் சீனர்களும் சேர்ந்து உடைக்கிற தேங்காய், இதெல்லாம் வேறு எங்கேயும் பார்க்க முடியாது. ஆனால் உங்கள் கூட்டாளி அன்றைக்குத் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார், இல்லை மகனுக்குக் காவடி எடுக்கிற வேலையில் இருப்பார். உங்களோடு உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்காது.

தீபாவளி முடிந்த பிறகு வரும் ஒன்றிரண்டு வாரம் எனக்கு ஒத்துவந்தது. திறந்த இல்ல உபசரிப்பு என்று வீட்டுக்கு வீடு விருந்து நடக்கும். ஒரு வீட்டுக்குப் போனால் அங்கேயே ஐந்து பழைய ஆட்களைப் பார்த்துவிடலாம். சீனப் பெருநாள் சமயத்தில் சீனர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நோன்பு மாதத்தில் மாமாக் கடைகள் (தமிழ் முஸ்லிம்களின் சாப்பாட்டுக் கடைகள்) பகலில் பாதி நேரம் சாத்தியிருக்கும். இன்னொன்று: பினாங்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பாலத்தைத் தாண்டி கெடாவுக்குள் போய்விட்டால் வெள்ளி, சனி. சுங்கைப் பட்டாணியில் இருக்கும் கூட்டாளியைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை போய், அவர் வேலைக்குப் போயிருந்ததால் வெறும் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவன் நான்.

இருபது வருஷம் ஆச்சு, நம்பர் ஒண்ணும் இல்ல. ஆளை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஃபேஸ்புக்கில் தேடினேன், கிடைக்கவில்லை என்பார்கள். பெயரை நம்ம ஊர் எழுத்தில் தேடியிருப்பார்கள். இங்கே லட்சுமி என்பவர் அங்கே அடையாள அட்டையில் 'லெட்சுமி'. முனியாண்டிக்கு நாலு விதமான ஆங்கில எழுத்து உண்டு. பெரும்பாலும் பிறப்புப் பதிவு செய்த கிராணி (குமாஸ்தா) காதில் எப்படி விழுந்ததோ அப்படி. எல்லா விதமாகவும் போட்டுப் பாருங்கள். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் அட்டையில் அப்பா பெயரோடுதான் இருப்பார்கள். ஆகவே வீட்டுக்காரர் பெயரைச் சேர்த்துத் தேடாதீர்கள்.

அப்புறம், ஆளின் பெயரைவிடத் தோட்டத்தின் பெயர் உதவும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்தவர்கள் பட்டணத்துத் தாமான்களுக்குச் சிதறிப் போய்விட்டார்கள். ஆனாலும் "எந்தத் தோட்டம்?" என்பதுதான் அங்கே ஆளைக் கண்டுபிடிக்கும் முதல் கேள்வி. பழைய தமிழ்ப்பள்ளி மாணவர்கள் வாட்சாப் குழு வைத்திருப்பார்கள். "இன்ன தோட்டம், அப்பா பால்மரம் வெட்டினார், அண்ணன் லோரி ஓட்டினார்" என்று போட்டால் இரண்டு நாளில் யாராவது பிடித்துக் கொடுத்துவிடுவார்கள். முன்பு இதற்குப் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்போம். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. எதுவும் நடக்கவில்லை என்றால் நேரில் போய் அவர் கும்பிட்ட கோயிலிலும் முடிவெட்டிக்கொண்ட கடையிலும் கேளுங்கள். முடிவெட்டுகிறவருக்குத் தெரியாத விஷயம் இல்லை.

சொல்லாம கொள்ளாம போய்க் கதவைத் தட்டினா சந்தோஷப்படுவாங்கள்ல?

தயவுசெய்து செய்யாதீர்கள். 2012-இல் முதல் தடவை போனபோது நான் இதைத்தான் செய்தேன். கடையில் எனக்கு மூத்த கணக்கர் ஒருவர் இருந்தார், நான் அண்ணே என்று கூப்பிடுவேன். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். அவருடைய ரெலாவ் பிளாட் முகவரியை வாங்கிக்கொண்டு, கையில் பையோடு போய்க் கதவைத் தட்டினேன். மகள்தான் திறந்தார். அண்ணனுக்கு வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அன்றைக்கு அந்த நாள். மத்தியானம் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தார். முடியவில்லை. நிற்க முடியவில்லையே என்று அவருக்கு வந்த கூச்சத்தை நான் இன்னும் மறக்கவில்லை. முன்னாடியே சொல்லியிருந்தால் அடுத்த நாள் குளித்து, சட்டை மாற்றி, என்னைப் பழைய கணக்கு அண்ணனாகவே வரவேற்றிருப்பார்.

ஒரு மாதம் முன்பு போன் பண்ணுங்கள். எந்த நாள் தோது என்று அவர்களைச் சொல்லவிடுங்கள். கிளம்பும் முந்தின நாள் இன்னொரு தடவை பேசுங்கள்.

எத்தனை நாள் போதும்?

நாலைந்து கூட்டாளிகள் என்றால் எட்டு நாள். ஒரு நாளைக்கு ஒரு வீடு. இரண்டாவது வீட்டை அதே நாளில் சேர்த்தீர்கள் என்றால் முதல் வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள்.

அவங்க வீட்டிலேயே தங்குன்னு அடம்பிடிக்கிறாங்க. தங்கலாமா?

இரண்டு ராத்திரி தங்குங்கள், மீதிக்கு அறை எடுங்கள். நீங்கள் இருந்த காலத்தில் ஆறு பேர் ஒரு மாடி அறையில் பாய் போட்டுப் படுத்தோம், அது வயசு. இப்போது அவர் பிளாட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். நீங்கள் வந்தால் யாரோ ஒரு பிள்ளை தன் அறையைக் காலி செய்யும். ஆனால் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை என்றால் மனத்தாங்கலாகிவிடும். அதனால்தான் இரண்டு.

ஓட்டலில் வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி தனியாகக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை, சட்டம்தான்.

என்ன வாங்கிட்டுப் போறது? அங்கதான் எல்லாம் கிடைக்குதே?

கிடைக்கிறதுதான். லிட்டில் இந்தியாவில் இல்லாத சேலை இல்லை. பழனி விபூதி, மணப்பாறை முறுக்கு, அவர்கள் தாத்தா ஊர்க் கோயிலின் குங்குமம் இதெல்லாம் கொண்டுபோகலாம். ஊர் பெயரைச் சொல்லிக் கொடுத்தால்தான் அதற்கு மதிப்பு. வெற்றிலை, கறிவேப்பிலை, மாங்காய், விதை, கருவாடு, இறைச்சி எதையும் எடுத்துப் போகாதீர்கள். செடிகொடிக்கும் இறைச்சிக்கும் அங்கே அனுமதி வேண்டும், விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற பரிசு ஒன்று உங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பழைய போட்டோ. கேமரா வைத்திருந்தவன் ஊர் திரும்பும்போது படங்களும் கூடவே வந்துவிட்டன. அவர்களிடம் ஒன்றுகூட இருக்காது. ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரதி போட்டு எடுத்துப் போங்கள். அவருடைய பிள்ளைகளில் ஒருவர்கூட அப்பாவை இருபத்தெட்டு வயதில், பெல்பாட்டம் போட்டு, கோம்தார் கோபுரக் கட்டடத்தின் முன்னால் நிற்கிற கோலத்தில் பார்த்திருக்க மாட்டார்கள்.

திரும்பும்போது கோடாலித் தைலம், மைலோ, ஜாதிக்காய் ஊறல், தாவ் சார் பியா பலகாரம் என்று உங்கள் பெட்டியை நிரப்பிவிடுவார்கள். போகும்போது பாதிப் பெட்டியை காலியாக விட்டுப் போங்கள்.

பழைய வெள்ளி நோட்டு கொஞ்சம் பத்திரமா வச்சிருக்கேன். செல்லுமா?

500, 1000 வெள்ளி நோட்டுகள் 1999 ஜூலையிலேயே செல்லாமல் போய்விட்டன. ஒரு வெள்ளி நாணயம் 2005 டிசம்பரில் போய்விட்டது. ஒரு காசு நாணயத்தை யாரும் வாங்குவதில்லை, 2008-இலிருந்து பில் தொகையை ஐந்து காசுக்கு ரவுண்டு பண்ணுகிறார்கள். மற்ற பழைய நோட்டு இருந்தால் கடையில் நீட்டி விவாதம் பண்ணாமல் வங்கியில் கொடுத்துப் பாருங்கள். செல்லாத நாணயத்தைக் கூட்டாளியின் பேரனுக்குக் கொடுத்தேன். அவனுக்குத்தான் அது பெரிய பணம்.

போன், கரண்டு, டாக்சி எல்லாம் எப்படி?

சிம் கார்டு பாஸ்போர்ட்டைக் காட்டி விமான நிலையத்திலேயே வாங்கலாம். பிளக் மூன்று சதுர முள், நம்ம சார்ஜர் நுழையாது, அடாப்டர் வேண்டும். டாக்சிக்குக் கிராப் என்ற செயலி. கையில் கொஞ்சம் வெள்ளி ரொக்கமாக இருக்கட்டும், ஒட்டுக்கடைக்கு (தெருவோரச் சாப்பாட்டுக் கடை) அதுதான். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிவையுங்கள்.

நம்ம இருந்த வீட்டைப் போய்ப் பார்க்கணும். முதல் நாளே போயிடலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஊருக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளுங்கள். நாம் ஜார்ஜ் டவுனில் கடைவீட்டு மாடியில் அவ்வளவு மலிவாக இருந்ததற்குக் காரணம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். போருக்கு முன்பு கட்டிய வீடுகளுக்கு வாடகையை ஏற்ற முடியாது. அந்தச் சட்டம் 1999 முடிவோடு போய்விட்டது. 2000-க்குப் பிறகு வாடகை ஏற, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஆயர் ஈத்தாமுக்கும் ரெலாவுக்கும் பாலம் தாண்டியும் போனார்கள். 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் ஊர் சேர்ந்தது. அப்புறம் பூட்டிக் கிடந்த வீடெல்லாம் சின்ன ஓட்டலும் காப்பிக் கடையும் ஆயின. குவின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-இலிருந்து இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றி இருந்த ஆட்கள்தான் இல்லை. கோலாலம்பூரிலும் இதே கதைதான். பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வேக்காரர்கள் இருந்த நூறு குவார்ட்டர்ஸைத் தேடிப் போனால் அங்கே அது இல்லை.

எங்கள் அறையும் ஓட்டலாகிவிட்டது. 2016-இல் போனபோது அண்ணனையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். வரவேற்பில் இருந்த பெண் நல்ல மாதிரி, "மேலே போய்ப் பாருங்கள் அங்கள்" என்றார். நான் ஏறிப்போய், நாங்கள் பாய் விரித்த இடத்தில் கட்டிலும் விளக்கும் இருப்பதைப் படம் எடுத்தேன். ஜன்னலைப் படம் எடுத்தேன், சுவரைப் படம் எடுத்தேன். இறங்கி வந்தால் அண்ணன் அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதை) ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார நாற்காலிகூட இல்லை. "பார்த்தாச்சா தம்பி?" என்றார். "இந்தச் சுவத்தை நான் கோயிலுக்கு வர்றப்பல்லாம் பார்க்கிறேன். உன்னைத்தான் நாலு வருசமா பார்க்கல."

அதற்குப் பிறகு பழைய இடங்களுக்குக் காலையில் தனியாகப் போய்வருகிறேன். கூட்டாளியை இழுத்துக்கொண்டு போவதில்லை. அவரே "வா, ஒரு ரவுண்டு போகலாம்" என்றால் மட்டும் கூடப் போகிறேன். அண்ணன் 2018-இல் போய்விட்டார். என்னிடம் அந்த அறையின் படம் பதினேழு இருக்கிறது. அன்றைக்கு அவரை எடுத்தது ஒன்றுகூட இல்லை.

ஃபெர்ரி இன்னும் ஓடுதா? கார் ஏத்தலாமா?

ஓடுகிறது, ஆனால் பழைய மாடிக்கப்பல் இல்லை. 2023-இலிருந்து புதுப் படகுகள், ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும். காருக்குப் பாலம்தான். 1985-இல் திறந்தது ஒன்று, 2014-இல் திறந்தது இன்னொன்று. பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கினால் படகிலேயே போங்கள், படகுத்துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்.

தண்ணிமலைக்கு வேண்டுதல் இருக்கு. கூட்டாளியையும் கூட்டிட்டுப் போகலாமா?

நீங்கள் கடைசியாகப் பார்த்த தண்ணிமலை முருகன் கோயில் கீழே இருந்தது. இப்போதுள்ளது 2012-இல் குடமுழுக்கு ஆன பெரிய கோயில், ஐந்நூறுக்கு மேல் படி. காலை ஏழு மணிக்கு முன்பே ஏறுங்கள், வெயில் ஏறிவிட்டால் கல் சுடும். கூட்டாளியின் முழங்காலைப் பற்றி முதலில் விசாரியுங்கள். அஞ்சடித் தூண் கதைதான் இங்கேயும்.

சாப்பாட்டுக்கு யார் காசு கொடுக்கிறது? என்னை விடவே மாட்டேங்கிறாங்க.

முதல் வேளை அவர்கள் கொடுக்கட்டும். அதில் சண்டை போடாதீர்கள். அடுத்த வேளைக்கு ஒரு தந்திரம்: கை கழுவப் போகிற சாக்கில் கல்லாவில் கொடுத்துவிடுங்கள். மாமாக் கடையில் இது சுலபம், கழுவுகிற இடமும் கல்லாவும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான்.

நாசி கண்டார் சாப்பிடப் போனால் வரிசையில் பேசிக்கொண்டே நில்லுங்கள், அந்த நேரமும் கணக்கில்தான். காவடித்தண்டு மாதிரி ஒரு கட்டையில் இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு அது. அந்தக் கட்டைதான் கண்டார். சர்க்கரை உள்ள கூட்டாளிக்குத் தே தாரேக் (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுத்து வம்பில் மாட்டாதீர்கள். 'குறைச்சல் இனிப்பு' என்று சொல்லலாம். சொன்னாலும் இனிப்பாகத்தான் வரும்.

அவங்க தமிழ் எனக்கு மறந்துபோச்சு. ஏதாவது தப்பாப் புரிஞ்சுக்குவேனா?

கண்டிப்பாக ஒரு தடவையாவது. வீட்டுக்குள் நுழைந்ததும் "தண்ணி கலக்கட்டுமா?" என்பார்கள். நம்ம ஊர்க் காதுக்கு அது வேறு மாதிரி விழும். என்னோடு வந்த ஒருவர், "காலையிலேயா, வேண்டாம்மா" என்று பதறிவிட்டார். அவர்கள் கேட்டது தேத்தண்ணியோ மைலோவோ. "பசியாறியாச்சா?" என்றால் காலைச் சாப்பாடு. வெள்ளி என்றால் ரிங்கிட், காசு என்றால் சென்.

பிள்ளைகளிடம் "தமிழ் பேச வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் 1816-இல் தமிழ் வகுப்பு தொடங்கியது. இருநூறு வருடமாகத் தமிழ் படிக்கிற நாட்டில் போய் அதைக் கேட்டால் கோபம் வரும், நியாயம்தான்.

பக்கத்துக் கடைச் சீனர் நல்லாப் பழகினவர். அவரைப் பார்க்கப் போனா என்ன பேசுறது?

நாங்கள் பேசிய பாசார் மலாய் (சந்தைப் பேச்சு மலாய்) போதும். நாலு வாக்கியம் தெரிந்தாலும் இரண்டு மணி நேரம் ஓடும். சீனப் பெருநாள் என்றால் ஆரஞ்சுப் பழம் இரட்டைப்படையில் எடுத்துப் போங்கள், இரண்டு கையாலும் கொடுங்கள். மற்ற நாளில் முறுக்கு. எங்கள் எதிர்க்கடைத் தவுக்கே (சீன முதலாளி) என் பெயரை மறந்துவிட்டார். ஆனால் நான் வாங்கிப் பாக்கி வைத்த பூட்டின் விலை அவருக்கு ஞாபகம் இருந்தது.

நான் பார்க்க நினைச்சவர் தவறிட்டார். இனி போய் என்ன?

போங்கள். மேலே போட்டோ பற்றிச் சொன்னது இங்கேதான் ரொம்ப உதவும். 2019-இல் அண்ணன் இல்லாத வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவது என்று தெரியாமல் படங்களை மேசையில் வைத்தேன். அண்ணியும் மகளும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது யாரு, இது எங்க" என்று கேட்டார்கள். சாயங்காலம் வரை நான்தான் பேசினேன். அவர் கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கம் பிள்ளையார் சுழி போடுவது, கூட்டல் தப்பினால் தன் தலையிலேயே குட்டிக்கொள்வது எல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அவர் வீட்டில் ரொம்பக் கண்டிப்பானவராம்.

வெறுங்கையோடு போகாதீர்கள். பழம், பூ, படத்துக்கு ஒரு மாலை. கருமாதி முடிந்து வருடக்கணக்கானாலும் துக்கம் விசாரிக்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அந்தப் பதிலை மறக்காதீர்கள்.

கூட்டுப் பணம் எனக்கு வர வேண்டியது பாக்கி. கேட்கலாமா?

கூட்டு என்று நாம் கட்டிய சீட்டு அங்கே சட்டப்படி தடை. 1971-இல் வந்த அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம்ம 'கூட்டு' என்ற சொல்தான் இருக்கிறது. ஆகவே எழுத்தில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. பணத்துக்காகப் போகிறீர்களா, ஆளுக்காகப் போகிறீர்களா என்று கிளம்பும் முன்பே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள். ஒரே பயணத்தில் இரண்டும் நடந்து நான் பார்க்கவில்லை. நீங்கள் கொடுக்க வேண்டிய பாக்கி என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் நாளே, தனியாக, உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். தவுக்கேயின் பூட்டுக் காசை நான் அப்படித்தான் கொடுத்தேன். வாங்கி எண்ணிவிட்டுத்தான் சிரித்தார்.

பழைய பேங்க் கணக்குல பணம் விட்டுட்டு வந்தேன். போயிருக்குமா?

ஏழு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கின் பணத்தை வங்கி, கோரப்படாத பணத்துக்கான பதிவாளரிடம் ஒப்படைத்துவிடும். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பணம் தொலைந்ததாகக் கணக்கில்லை, உரியவர் கேட்டு வாங்கலாம். இ-குமிஸ் என்று அரசுத் தளம் ஒன்று இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டும் கணக்குப் புத்தகமும் இருந்தால் எடுத்துப் போங்கள். சில்லறைத் தொகை என்றால் அதற்காக ஒரு நாளை வீணாக்காதீர்கள்.

கூட்டாளி சொந்தமாச் சாப்பாட்டுக் கடை வச்சிருக்கார். ரெண்டு நாள் கல்லாவுல நின்னு உதவி பண்ணலாம்ல?

கூடாது. சம்பளம் வாங்கவில்லை, பழக்கத்துக்கு நின்றேன் என்று சொன்னாலும் சோதனைக்கு வரும் அதிகாரி கேட்கமாட்டார். வருகையாளராக வந்தவர் வேலை செய்யக் கூடாது. நீங்கள் மாட்டுவது ஒருபுறம், கடைக்காரருக்கும் வழக்கு. வாடிக்கையாளர் மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கக்கூட நான் பயப்படுவேன்.

அந்தக் காலத்துல பெர்மிட் முடிஞ்சும் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தேன். இப்ப உள்ள விடுவாங்களா?

இதற்கு நான் மட்டுமல்ல, டிக்கெட் ஏஜெண்டும் பதில் சொல்ல முடியாது. அப்படி இருந்தவர்களைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருக்கலாம். பொது மன்னிப்பில் தண்டம் கட்டி வெளியேறியிருந்தால் அந்த ரசீதைத் தேடி எடுங்கள். முதல் பதிலில் சொன்ன தூதரகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கைரேகை பழசுதானே.

நாமளே போய்க்கிட்டு இருக்கோம். அவங்களை இங்க கூப்பிட்டா வருவாங்களா?

வருவார்கள். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு இந்திய இ-விசா வேண்டும், பிள்ளைகள் இணையத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வந்தால் மதுரை, ராமேஸ்வரம் என்று பட்டியல் போடாதீர்கள். முதலில் தாத்தா ஊர் எது என்று கேளுங்கள். அண்ணனின் மகள் போன வருடம் வந்தார். கையில் ஊர் பெயர் மட்டும்தான் இருந்தது, அதுவும் மலாய் எழுத்துக்கூட்டலில். அறந்தாங்கிப் பக்கம் மூன்று நாள் காரில் சுற்றினோம். இரண்டு ஊர் அந்த உச்சரிப்புக்குப் பொருந்துகிறது. எது என்று இன்னும் முடிவாகவில்லை, மாசிக்கு மறுபடி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.